பழைய கணினி விளையாட்டுகளின் மிடி இசைக்கு நாமே குரல் கொடுப்பது எப்படி: பதிவு அறை முதல் சவுண்ட்ஃபாண்ட் வரை

ஒரு மிடி கோப்புக்குள் ஒலி என்று எதுவும் கிடையாது. எந்தச் சுரம் எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு அழுத்தமாக ஒலிக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எந்த எண்ணுள்ள கருவி அதை வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே அதில் வரிசையாக இருக்கும். சுரதாளக் குறிப்பு எழுதிய நோட்டுப் புத்தகத்தில் பாட்டு இருக்கும், பாடுபவரின் குரல் இருக்காது; மிடியும் அத்தகையதே. 1990களில் வீட்டுக் கணினியில் விளையாடிய பலரும் கேட்டது, ஒலி அட்டையில் இருந்த யமஹா சில்லு அந்தக் கட்டளைகளைத் தனக்குத் தெரிந்த வகையில் உருவாக்கிய மெல்லிய, தகரம் போன்ற ஒலியைத்தான். இசையமைப்பாளர் எழுதியது அதைவிட மிகப் பெரியது. அந்தக் கட்டளைகளை ஒரு புள்ளிகூட மாற்றாமல், அவற்றை வாசிக்கும் கருவிகளை மட்டும் நாமே பதிவு செய்து தருவதற்கான வழியை, காரைக்குடியை அடுத்த எங்கள் பழைய வீட்டில் ஆர்மோனியத்தையும் தவிலையும் நாகசுரத்தையும் பதிவு செய்த அனுபவத்திலிருந்து இங்கே விளக்குகிறேன்.

தொடக்கத்திலேயே ஒரு முடிவை எடுத்துக்கொள்வது நல்லது. எந்த எண் எந்தக் கருவியைக் குறிக்கும் என்று வகுக்கும் ஜெனரல் மிடி தரத்தில் உள்ள 128 கருவிகளையும் மாற்ற முயல வேண்டாம். நல்ல இலவசச் சவுண்ட்ஃபாண்ட் (கருவிகளின் ஒலிப்பதிவுகளைத் தொகுத்து வைத்த கோப்பு) ஒன்றை அடித்தளமாக வைத்துக்கொண்டு, நான்கைந்து கருவிகளை மட்டும் எடுத்து, அவற்றைச் செம்மையாகச் செய்தால் போதும். அரைகுறையான ஐம்பது கருவிகளை விட, சுருதி சுத்தமாகவும், திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான லூப் தெரியாமலும் ஒலிக்கும் ஒரே ஒரு ஆர்மோனியம் முழு இசையையும் உயர்த்திவிடும்.

விளையாட்டு எதை அனுப்புகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்

எல்லாப் பழைய விளையாட்டுகளும் இந்த வேலைக்கு ஏற்றவை அல்ல. ஜெனரல் மிடி தரம் 1991 ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு முந்தைய விளையாட்டுகளில் பல, 1987 இல் வெளிவந்த ரோலண்ட் எம்டி-32 என்ற மிடி ஒலிக் கருவிக்காக எழுதப்பட்டவை. எம்டி-32 இன் கருவி எண்கள் வேறு. அதோடு, விளையாட்டே தனக்கு வேண்டிய ஒலிகளைச் சிஸ்எக்ஸ் எனப்படும், அந்தக் கருவிக்கே உரிய தனிக் கட்டளைகள் மூலம் அந்தக் கருவிக்குள் ஏற்றிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அத்தகைய விளையாட்டின் மிடியைச் சவுண்ட்ஃபாண்டில் ஒலிக்கவிட்டால் வயலின் வர வேண்டிய இடத்தில் வேறேதோ வரும். அவற்றுக்கு எம்டி-32 ஐப் போலவே ஒலிக்கும் மண்ட் என்ற மென்பொருளே பொருத்தம்.

விளையாட்டின் செட்டப் நிரலைத் திறந்து, இசைக் கருவிகளின் பட்டியலில் ஜெனரல் மிடி அல்லது சவுண்ட் கேன்வாஸ் (ரோலண்டின் பிந்தைய மிடி கருவி) என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, போர்ட் எண்ணாக 330 கொடுங்கள். பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் பயன்படுத்துவோர் அமைப்புக் கோப்பின் மிடி பகுதியில் கருவியாக, சவுண்ட்ஃபாண்டை வாசிக்கும் மென்பொருளான ஃப்ளூயிட்சிந்த் என்று குறிப்பிட்டு, அதற்குரிய தனிப் பகுதியில் சவுண்ட்ஃபாண்ட் கோப்பின் பெயரை எழுத வேண்டும். பழைய டாஸ்பாக்ஸை விண்டோஸில் பயன்படுத்துவோர் விர்ச்சுவல் மிடி சிந்த் என்ற மென்பொருளை நிறுவி, அதையே மிடி கருவியாகக் காட்டலாம். பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம் தன் மிடி அமைப்புப் பக்கத்திலேயே சவுண்ட்ஃபாண்டைத் தேர்ந்தெடுக்க இடம் தருகிறது. டூம் விளையாட்டை ஓட்டும் ஜிஇசட்டூம் சவுண்ட்ஃபாண்ட்களுக்கென ஒரு தனிக் கோப்புறையை வைத்திருக்கிறது.

அடித்தளத்துக்கு ஜெனரல்யூசர் ஜிஎஸ் அல்லது ஃப்ளூயிட் ஆர்3 என்ற இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலாவதை விரும்புகிறேன். அளவில் சிறியது, கருவிகளுக்கிடையே ஒலி அளவு ஒழுங்காக இருக்கிறது. மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

எந்தக் கருவிகளை மாற்றுவது

விளையாட்டின் இசை உண்மையில் எந்தக் கருவிகளைக் கேட்கிறது என்று தெரியாமல் ஒலிப்பதிவில் இறங்கக் கூடாது. டாஸ்பாக்ஸில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்8 ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் விளையாட்டு அனுப்பும் மிடி கட்டளைகள் ஒரு கோப்பாகப் பதிவாகத் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். 1993 இல் வந்த டூம் போன்ற விளையாட்டுகளில் இசை மஸ் என்ற வடிவில் விளையாட்டின் தரவுக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஸ்லேட் என்ற தொகுப்பான் அதை மிடியாக மாற்றித் தரும்.

கிடைத்த கோப்பை ஏதேனும் ஒரு மிடி தொகுப்பானில் திறந்து, ஒவ்வொரு சேனலுக்கும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கருவி எண், மிகத் தாழ்ந்த சுரம், மிக உயர்ந்த சுரம், வெலாசிட்டி (சுரத்தின் அழுத்த அளவு) எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை போகிறது. இந்தப் பட்டியல் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். ஒரு கருவி ஒன்றரை ஸ்தாயிக்குள்தான் வாசிக்கிறது என்று தெரிந்தால் அந்த ஒன்றரை ஸ்தாயியை மட்டும் பதிவு செய்தால் போதுமல்லவா?

எண்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ஜெனரல் மிடி பட்டியல் 1 இலிருந்து 128 வரை எண்ணுகிறது. கோப்பும் சவுண்ட்ஃபாண்ட் தொகுப்பானும் 0 இலிருந்து 127 வரை எண்ணுகின்றன. பட்டியலில் 21 ஆக உள்ள ரீட் ஆர்கன், தொகுப்பானில் 20 ஆக இருக்கும். சுரங்களின் பெயரிலும் இதே குழப்பம் உண்டு, ஒரே சுரத்தை ஒரு நிறுவனம் மூன்றாம் ஸ்தாயி என்றும் மற்றொன்று நான்காம் ஸ்தாயி என்றும் அழைக்கும். ஆகவே எண்ணையே நம்புங்கள். நம் வழக்கில் சொன்னால் ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் 1 கட்டை என்பது 60, 5 கட்டை 67, 5½ கட்டை 68, 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் 6 கட்டை 69.

நம் கருவிகளில் எவை எங்கே பொருந்தும்? ஆர்மோனியம் நாக்குகளால் ஒலிப்பது என்பதால் 21 ஆம் எண்ணின் ரீட் ஆர்கனுக்கு அது உறவுக்காரன் போலவே உட்காரும். 112 ஆம் எண் ஷெனாய். அங்கே நாகசுரம் இயல்பாக வரும். 105 ஆம் எண் சிதாருக்கு வீணையை வைக்கலாம். தனக்கென ஒரு வீணைப் பாணியையே கொண்ட காரைக்குடியில் இருந்துகொண்டு அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 117 ஆம் எண் டைகோ மேளத்துக்கும் 118 ஆம் எண் டாம்களுக்கும் தவில் பொருந்தும். வேகமான கிட்டார் இசையின் நடுவே வரும் ஸ்னேர் டிரம்முக்குத் தவிலை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இசையமைப்பாளரின் எண்ணம் அதில் கலைந்துபோகும்.

பதிவு செய்யும் அறை

செட்டிநாட்டு வீட்டின் வளவு (நடு முற்றத்தைச் சுற்றிய கூடம்) கேட்பதற்கு எவ்வளவு அழகான இடமோ, சாம்பிள் எனப்படும் தனித்தனிச் சுரங்களின் பதிவுக்கு அவ்வளவு தவறான இடம். சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் சேர்த்துப் பூசி, கண்ணாடி போல் இழைத்த சுவர்களும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும், உயர்ந்த கூரையும் ஒலியை எளிதில் விழுங்குவதில்லை. மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்புகின்றன. என் முதல் பதிவுகள் அனைத்தையும் நான் வளவில்தான் செய்தேன். தனியாகக் கேட்டபோது அருமையாக இருந்தன. விளையாட்டில் ஏற்றியதும், ஒவ்வொரு சுரமும் தன்னோடு ஒரு கூடத்தின் முழக்கத்தையும் சுமந்துகொண்டு வந்ததால், எட்டுச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் எட்டு முழக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இசையே கலங்கிவிட்டது. பதிவில் ஒட்டிக்கொண்ட முழக்கத்தைப் பிறகு பிரித்தெடுக்க நல்ல வழி கிடையாது. முழக்கமில்லாத பதிவுக்கு முழக்கம் சேர்ப்பது எளிது.

ஆகவே வளவை ஒட்டிய சிறிய உள்வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சுவர் ஓரங்களில் இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தி, தரையில் ஜமுக்காளம் விரித்து, கதவுக்கு உள்பக்கம் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். கைதட்டிப் பார்த்தால் ஒலி உடனே செத்துவிட வேண்டும். வால் நீண்டால் இன்னொரு மெத்தை வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், இன்வெர்ட்டரையும் குளிர்பெட்டியையும் அறையிலிருந்து தள்ளி வையுங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மைக் கம்பியில் நுழைந்தால் தாழ்ந்த சுரங்களில் அது தெளிவாகக் கேட்கும்.

மைக் ஒன்றே போதும். மோனோவில், 44,100 ஹெர்ட்ஸில், முடிந்தால் 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை ஒருமுறை வைத்துவிட்டால், ஒரு கருவி முடியும் வரை அதை மாற்றக் கூடாது. மைக்குக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைச் சாக்பீஸால் தரையில் குறித்துக்கொள்வது, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர உதவும்.

ஆர்மோனியமும் நாகசுரமும்

முதல் கருவியாக ஆர்மோனியத்தையே எடுங்கள். விசையை மெதுவாகத் தொட்டாலும் அழுத்தித் தொட்டாலும் அதன் ஒலி மாறுவதில்லை என்பதால், ஒரு சுரத்துக்கு ஒரு பதிவு போதும். ஒரே ஒரு நாக்கு வரிசையை மட்டும் திறந்து வைத்து மற்ற ஸ்டாப்களை மூடிவிடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் ஆர்மோனியம் என்றால், வாங்கும் முன் ஒவ்வொரு கட்டையையும் பத்து விநாடி பிடித்துப் பாருங்கள்; காற்று ஒழுகும் துருத்தியும் துருப்பிடித்த நாக்கும் அப்போதுதான் தெரியும்.

42 கட்டைகள் உள்ள ஆர்மோனியத்தில் மூன்றில் ஒன்றைப் பதிவு செய்தால் 14 சாம்பிள்கள் கிடைக்கும். ஒவ்வொரு சாம்பிளும் தனக்குக் கீழே ஒரு சுரத்தையும் மேலே ஒரு சுரத்தையும் கவனித்துக்கொள்ளும். இதைவிட அதிகம் இழுக்க வேண்டாம். சாம்பிளை ஒரு அரைச்சுரம் உயர்த்துவது என்பது அதைச் சுமார் 1.06 மடங்கு வேகமாக ஓட்டுவது. ஆறு அரைச்சுரம் உயர்த்தினால் 1.41 மடங்கு. அப்போது சுருதி மட்டும் ஏறுவதில்லை, நாக்கு அசையத் தொடங்கும் அந்தச் சிறு மூச்சும் சுருங்கி, பெரிய ஆர்மோனியம் பொம்மை போல ஆகிவிடும். ஒவ்வொரு சுரத்தையும் ஆறு விநாடி, துருத்தியை ஒரே சீராக அழுத்தியபடி பிடியுங்கள். 14 சாம்பிள்கள் சேர்ந்து 16 பிட்டில் ஏழு மெகாபைட்டைச் சற்றே தாண்டும். 1994 இல் வந்த ஏடபிள்யூஇ32 அட்டையில் சாம்பிள்களுக்கென இருந்த நினைவகம் 512 கிலோபைட். நம் ஆர்மோனியத்தின் ஒரே ஒரு சுரத்திலேயே அது நிரம்பியிருக்கும்.

நாகசுரத்துக்குக் கலைஞர் ஒருவரின் முழு ஒத்துழைப்பு தேவை. சுரத்தை அசைவின்றிப் பிடிக்கச் சொல்வது அவருடைய வாழ்நாள் பயிற்சிக்கு எதிரானது என்பதை உணர்ந்து, எதற்காகக் கேட்கிறோம் என்று முன்பே விளக்கிவிட வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலில் வாசிக்கும் பெரியவர், “அசைக்காம ஊதினா அது சீவாளி சத்தந்தான் தம்பி, வாசிப்பு இல்ல” என்றார். நான் விளையாட்டின் இசையை அவருக்குப் போட்டுக் காட்டி, “ஐயா, அசைவு எங்கே வேணும்னு அந்தக் கட்டளைதான் சொல்லும், எங்களுக்கு நேரான சுரம் மட்டும் கொடுங்க” என்றேன். அதன்பின் அவர் ஒவ்வொரு சுரத்தையும் மும்மூன்று முறை ஊதித் தந்தார். கமகத்தோடு பதிவு செய்தால் வேகமான பகுதிகளில் ஒவ்வொரு சுரமும் ஒரே மாதிரி ஆடிக்கொண்டு தொடங்கும். அது காதுக்குப் பொறுக்காது. அவர் சம்மதித்தால் பாரி நாகசுரத்தைத் தேர்ந்தெடுங்கள். திமிரியை விட நீளமானதும் தாழ்ந்த சுருதியுள்ளதுமான அதன் ஒலி மற்ற கருவிகளோடு எளிதில் கலக்கிறது.

வெட்டுதலும் சுருதி சேர்த்தலும்

ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பானில் ஒவ்வொரு பதிவையும் தனிக் கோப்பாக வெட்டும்போது, சுரம் தொடங்கும் இடத்துக்கு முன்னுள்ள அமைதியை இரண்டு மூன்று மில்லி விநாடிக்கு மேல் விட வேண்டாம். முப்பது மில்லி விநாடி அமைதி மிஞ்சினாலும் அந்தக் கருவி தாளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். சாம்பிள்களைத் தனித்தனியாக உச்ச அளவுக்கு உயர்த்துவதும் தவறு. கருவியின் இயல்பான ஏற்ற இறக்கம் அதில் அழிந்துவிடும்.

சுருதியில் நம் கருவிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. விளையாட்டின் இசை, ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்த சுருதியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பங்கும் 100 சென்ட். நாகசுரக் கலைஞர் தன் காதுக்கு ஏற்பப் பிடிக்கும் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 386 சென்ட் அளவில் நிற்கக்கூடும். விளையாட்டுக்கு வேண்டியதோ 400. அந்த 14 சென்ட் வேறுபாடு தனியாக ஊதும்போது இனிமை, மற்ற கருவிகளோடு சேரும்போது பிசிறு. எனவே ஒவ்வொரு சாம்பிளையும் சுருதி அளவியில் வைத்துப் பார்த்து, எத்தனை சென்ட் கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அலையைத் திருத்த வேண்டியதில்லை. சவுண்ட்ஃபாண்டிலேயே திருத்த எண்ணைக் கொடுத்துவிடலாம்.

லூப்

இந்த வேலையின் உயிர் லூப்பில்தான் இருக்கிறது. என் நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போனது. விளையாட்டு ஒரு சுரத்தை இருபது விநாடி பிடிக்கச் சொல்லலாம். நம் சாம்பிள் ஆறு விநாடிதான். ஆகவே சாம்பிளின் நடுவே ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டும்.

மிகக் குறுகிய லூப் சுருதியைக் கெடுக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரு அலைச்சுற்று, விநாடிக்கு 44,100 புள்ளிகள் எடுக்கும் பதிவில் 100.23 புள்ளிகள் நீளமுடையது. அதை 100 புள்ளிகள் என்று வெட்டினால் சுருதி 441 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஏறத்தாழ 4 சென்ட் கூடுதல். 22 சுற்றுகளை எடுத்தால் சரியாக 2,205 புள்ளிகள் வரும், சுருதி துல்லியமாக நிற்கும். ஆனால் 2,205 புள்ளிகள் என்பது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய பகுதி திரும்பத் திரும்ப ஓடினால் ஆர்மோனியம் மின்சார மணி போல உயிரற்றுப் போகும். ஒன்றரை விநாடி முதல் இரண்டு விநாடி வரை லூப் வைத்தால் நாக்கின் இயல்பான நடுக்கம் அதில் தங்குகிறது.

நீண்ட லூப்பில் வேறொரு ஆபத்து. துருத்தியின் அழுத்தம் தொடக்கத்திலும் முடிவிலும் வேறுபட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒலி மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். இதற்கு மூன்று சோதனைகள்: தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் அலை பூச்சியக் கோட்டைக் கடக்கும் இடத்தில், ஒரே திசையில் ஏறும்படி இருக்க வேண்டும், இரண்டு இடங்களிலும் ஒலியின் அளவு ஒத்திருக்க வேண்டும், அடுத்தடுத்த இரண்டு மூன்று சுற்றுகளின் வடிவமும் பொருந்த வேண்டும். இவை சரியாக இருந்தும் இணைப்பில் சிறு தடங்கல் கேட்டால், லூப்பின் முடிவுப் பகுதியையும் தொடக்கத்துக்கு முந்தைய பகுதியையும் ஒன்றோடொன்று கரைத்துக் கலக்கும் கிராஸ்ஃபேட் முறையைப் பயன்படுத்துங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள். எத்தனையாவது சுற்று என்று உங்களால் எண்ண முடிந்தால் லூப் இன்னும் சரியாகவில்லை.

பாலிஃபோனில் கட்டுவது

பாலிஃபோன் என்ற இலவசத் தொகுப்பானில் மூன்று அடுக்குகள் உண்டு: சாம்பிள், சாம்பிள்களைச் சேர்த்த இன்ஸ்ட்ருமெண்ட், அதற்கு எண் கொடுக்கும் பிரிசெட். சாம்பிள்களை ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் மூலச் சுரத்தின் எண்ணையும் சென்ட் திருத்தத்தையும் கொடுங்கள். இன்ஸ்ட்ருமெண்டில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் சுர எல்லையை வகுக்க வேண்டும். 61 ஐ மூலமாகக் கொண்ட சாம்பிளுக்கு 60 முதல் 62 வரை. சுரம் நின்றபின் ஒலி அடங்க எடுக்கும் ரிலீஸ் நேரம் ஆர்மோனியத்துக்கு 0.1 விநாடி, நாகசுரத்துக்கு அதைவிடச் சற்றே கூடுதல். வீணைக்கு லூப்பே வேண்டாம், மீட்டிய நாதம் தானாக அடங்கும் வரை முழுச் சாம்பிளும் ஓடட்டும். இறுதியாக, உங்கள் இன்ஸ்ட்ருமெண்டை அடித்தளச் சவுண்ட்ஃபாண்டின் நகலில் அதே எண்ணுள்ள பிரிசெட்டில் மாற்றி வையுங்கள்.

தவிலுக்குத் தொப்பியையும் வலந்தலையையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். கழியால் அடிக்கும் தொப்பியும் கூடு மாட்டிய விரல்களால் அடிக்கும் வலந்தலையும் ஒலியில் இரு வேறு கருவிகளே. ஒவ்வொன்றிலும் மெல்லிய அடி, வலுத்த அடி என்று இரண்டு பதிவுகள் எடுத்து, வெலாசிட்டி 1 முதல் 70 வரை முதலாவதும் 71 முதல் 127 வரை இரண்டாவதும் ஒலிக்குமாறு பிரியுங்கள். பத்தாம் சேனலின் தாள வரிசையை மாற்ற விரும்பினால், அது 128 ஆம் பேங்கில் (பிரிசெட்களின் தொகுதி) இருக்கிறது. கோயில் தாளத்தை மூடியும் திறந்தும் பதிவு செய்து டிரம்ஸின் இணைத் தாளமான ஹை-ஹாட்டுக்கு வைப்பதாயின், 42, 44, 46 ஆகிய மூன்று எண்களுக்கும் ஒரே எக்ஸ்க்ளூசிவ் கிளாஸ் எண்ணைக் கொடுங்கள்; அப்போதுதான் மூடிய தாளம் விழுந்தவுடன் திறந்த தாளத்தின் கார்வை நிற்கும்.

விளையாட்டுக்குள் கேட்டுச் சமன் செய்வது

மிடி பிளேயரில் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். 1990களின் இசையமைப்பாளர்களில் பலர், 1991 இல் வந்த ரோலண்ட் எஸ்சி-55 கருவியில் கேட்டுத்தான் ஒவ்வொரு சேனலின் ஒலி அளவையும் முடிவு செய்தார்கள். நம் நாகசுரம் அந்தக் கருவியின் ஷெனாயை விட உரக்க ஒலித்தால், அவர்கள் பின்னணியில் வைத்த வரி முன்னால் வந்து நின்றுவிடும். அடித்தளச் சவுண்ட்ஃபாண்டின் பழைய பிரிசெட்டையும் புதியதையும் மாறி மாறி ஓடவிட்டு, இரண்டும் ஒரே உரத்தில் கேட்கும் வரை ஒலிக்குறைப்பு எண்ணை மாற்றுங்கள். என் நாகசுரத்துக்கு முதலில் வைத்த அளவிலிருந்து மும்முறை குறைக்க வேண்டியிருந்தது. பின்பு சண்டைக் காட்சி ஒன்றில், துப்பாக்கிச் சத்தத்தோடு சேர்த்துக் கேளுங்கள். பழைய விளையாட்டுகளின் ஒலிக்குறிப்புகள் கரகரப்பானவை. ஆர்மோனியத்தின் கூர்மையான மேல் ஒலிகள் அவற்றோடு மோதினால் ஃபில்டரைச் சற்று இறக்கலாம்.

பெரும்பாலான விளையாட்டு மிடிகள் முழக்கத்தின் அளவை 91 ஆம் கண்ட்ரோலர் வழியாகத் தாமே அனுப்புகின்றன. நம் சாம்பிள்கள் மெத்தை அறையில் பதிவானவை என்பதால், ஃப்ளூயிட்சிந்த் அந்தக் கட்டளையின்படி சேர்க்கும் முழக்கம் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கூடமாக அமைந்துவிடும்.

உங்கள் சவுண்ட்ஃபாண்டைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால், வாசித்தவர்களின் சம்மதத்தை முன்பே பெற்று, அவர்கள் விரும்பினால் பெயரையும் கோப்பின் விவரப் பகுதியில் எழுதுங்கள். அடித்தளச் சவுண்ட்ஃபாண்டின் உரிமக் குறிப்பை நீக்காதீர்கள். விளையாட்டின் தரவுக் கோப்புகளைச் சேர்த்து அனுப்பாதீர்கள்.

வளவின் முழக்கத்தை நான் கைவிட்டுவிடவில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. பின்னிரவில் தெரு அடங்கிய பிறகு வளவின் நடுவே ஒரு பலூனை உடைத்து, பட்டாலையில் வைத்த மைக்கில் அந்த ஒலி முற்றிலும் அடங்கும் வரை பதிவு செய்தேன். அந்தப் பதிவை ரீப்பர் மென்பொருளின் ரியாவெர்ப் கருவியில் ஏற்றினால், அதன் வழியே செல்லும் எந்த இசையும் அந்த வளவில் வாசித்தது போல ஒலிக்கிறது. விளையாட்டு ஓடும்போதே இதைச் செய்வது கடினம் என்பதால், ஃப்ளூயிட்சிந்த்தின் முழக்கத்தை அணைத்து, ஒவ்வொரு பாடலையும் ஒலிக்கோப்பாக மாற்றி, ரியாவெர்ப் வழியே அனுப்பி, ஆக் (Ogg) என்ற ஒலிக்கோப்பு வடிவில் சேமித்து, ஜிஇசட்டூமில் மூல இசையின் பெயரிலேயே வைத்துவிடுகிறேன். முழக்கத்தின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் தவிலின் விரல் அடிகள் கரைந்துவிடுகின்றன.